மாணாக்கன் என்னும் பெயர் பூண்ட பெரியார்

தம் பெயர் என்றும் அழியாது நிற்றல் வேண்டுமென்று விரும்பிக் கல்லிலும் செம்பிலும் அதனைப் பொறித்து வைத்தோர் உலகில் எண்ணிறந்தோர். அவருள் பெரும்பாலோருடைய பெயர்கள் கல்லோடு தேய்ந்தும் செம்போடு உருகியும் மறைந்தொழிந்தன. தம் பெயரை வெளியிடாது மறைத்து வைத்தும் உலகெங்கும் புகழ் பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய வில்லியம் ஸீலி காஸெட் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இவர் அரசியல் நடத்தினவரல்லர், படை நடத்தினவருமல்லர், சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தவருமல்லர். அயர்லாந்து தேசத்தில் ஒரு பியர் ஆலையில் ஊதியம் பெற்றுழைத்த ரசாயன வல்லுநர். எனினும், இரண்டு வகுப்புகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டு, ஒரு கற்பிக்கும் முறை மற்றொன்றினும் மேம்பட்டதோவென ஆராயும் உபாத்தியாயர் எவரும் இன்று இவர் கண்ட வழியிலேயே நடக்கின்றனர். ஆதலின் கல்வித் தொழிலை மேற்கொள்ளக் கருதும் நம்மனோர்க்கு இவர் வாழ்க்கை அறியத்தக்கதாம்.

பிறப்பும் கல்வியும்

காஸெட் 1876ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள கேன்ட்டர்பரி நகரத்தே பிறந்தார். தந்தையார் ஆங்கில அரசரின் இஞ்சினீயர்ப் படையில் கர்னல் பதவி வகித்தவர். மூத்த மைந்தராகிய இவரும் தந்தையார் சென்ற வழியே செல்ல விரும்பினர். கண்பார்வைக் குறைவு அதற்குத் தடையாயிற்று. ஒரு கதவு அடைபடின் மற்றொன்று திறக்குமென்பர். வின்செஸ்டர்ப் பள்ளியில் உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்தபின், ஆக்ஸ்போர்டு நகரத்து நியூ காலேஜில் சேர்ந்து, 1897ஆம் ஆண்டில் கணிதத்திலும் 1899ஆம் ஆண்டில் ரசாயனத்திலும் முதல் வகுப்பில் தேறினார். கணிதமும் ரசாயனமும் ஒருவரிடத்தே ஒருங்கு கூடியமை பிற்காலத்தில் உலகிற்குப் பெரும்பயன் விளைத்தது.

ஆலையிற் புகுதல்

டப்ளின் நகரத்திலிருந்த கின்னஸ் ஆலையார் அக்காலத்தில் ஒரு புதுவழியைக் கைக்கொண்டிருந்தனர். தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கத்தை மாத்திரம் நம்பாமல், சர்வகலாசாலைகளில் விஞ்ஞானம் கற்றுத் தேறிய இளைஞரைத் தம் தொழிலில் அமர்த்தினர். அவருள் ஒருவராகக் காஸெட் 1899ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில், ஆங்குச் சேர்ந்தார். பியர் காய்ச்சும் தொழிலைப் புகழ்வது எம் கருத்தன்று. சேற்றில் தோன்றிய தாமரையைக் கொள்வோர் சேற்றைப் புகழ்தல் வேண்டா. எத்தொழிலிடத்தும் உண்மையை நாடும் ஒருவர் உண்மையைக் காண்பரென்பதற்கு இவர் சான்றாவர்.

ஆலையின் வேலை யாது? முளைகட்டிய பார்லியும், ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவும், புளிக்கச் செய்யும் ஈஸ்டும் கொண்டு ஒரே தரமான பானத்தை நாள்தோறும் பெருமளவில் ஆக்கல் வேண்டும். ஆயின் ஒரு வயலின் பார்லி மற்றொரு வயலின் பார்லியை ஒவ்வாது. ஓராண்டின் விளைவு மற்றோராண்டின் விளைவை ஒவ்வாது. இரண்டு பார்லி வகைகளுள் சிறந்தது யாதென அறிய நான்கு இடங்களில் பயிரிட்டுப் பார்த்தால், கிடைப்பவை நான்கு அளவுகளே. அவற்றின் சராசரியில் ஒரு வேறுபாடு காணப்படின், அது வித்தின் குணத்தால் வந்ததோ, மண்ணும் மழையும் தற்செயலாக அமைந்ததனால் வந்ததோ? இவ்வினாவே காஸெட்டைக் கணிதத்தின்பால் மீண்டும் செலுத்தியது. 1904ஆம் ஆண்டில், பிழைகளைப் பற்றிய கணித விதியை ஆலையின் வேலையிற் பயன்படுத்துமாறு குறித்து ஆலைத் தலைவர்க்கு ஓர் அறிக்கை எழுதினார். ஒரு முடிவை எத்துணை உறுதியுடன் கொள்ளல் வேண்டுமென்பது, அம்முடிவால் வரும் ஆதாயத்தையும் சோதனைக்காகும் செலவையும் சீர்தூக்கியே துணியப்பட வேண்டுமென்பது இவர் கொள்கை.

சிற்றெண்ணால் வந்த இடர்

அந்நாளில் புள்ளிவிவர சாஸ்திரத்திற்குத் தலைமை வகித்தவர் லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜைச் சேர்ந்த கார்ல் பியர்ஸன் என்பவர். காஸெட் 1905ஆம் ஆண்டு கோடையில் இவரைக் கண்டு தம் ஐயங்களைக் கூறினார். பின்னர், 1906-07ஆம் ஆண்டில், ஆலையாரின் அனுமதி பெற்று லண்டன் சென்று பியர்ஸனது ஆய்வுக்கூடத்தில் பயின்றார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மார்ஜரி பிலிப்பாட்ஸ் என்னும் அம்மையாரை மணந்திருந்தார். இவ்வம்மையார் ஆங்கில மகளிர் ஹாக்கிக் குழுவிற்குத் தலைவியாக விளங்கியவர்.

பியர்ஸனும் அவர் மாணாக்கரும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அளவெடுத்து ஆராய்ந்து வந்தனர். அத்துணைப் பெருந்தொகையுள் சராசரியின் பிழையைக் கணித்தல் எளிது. ஒவ்வோர் அளவும் சராசரியினின்றும் எவ்வளவு விலகுகின்றதெனப் பார்த்துச் சிதறலை அறியலாம். அச்சிதறலை அளவுகளின் எண்ணிக்கையினது வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் ஊசலாட்டம் வெளிப்படும். ஆயின் அளவுகள் நான்கோ ஐந்தோ எனின், சிதறலே நம்பத்தக்கதன்று. நான்கு பிள்ளைகள் தற்செயலாக ஒத்த மதிப்பெண் பெற்றுவிடின் சிதறல் மிகச் சிறிதெனத் தோன்றும். அதனை நம்பி முடிவு செய்வோர், இல்லாத வேறுபாட்டை உண்டென மயங்குவர். பல்லாயிரம் அளவுகளை உடையார்க்கு இவ்விடர் புலப்படவில்லை. நான்கு வயல்களை மாத்திரம் உடைய காஸெட்டுக்கு அது நாள்தோறும் எதிர்ப்பட்டது.

மூவாயிரம் சீட்டுகள்

சிறு தொகையினின்று பெறப்படும் சராசரி எவ்வாறு ஊசலாடுமென்பதைக் கணித வாயிலாக ஆராய்ந்த காஸெட், ஒரு சூத்திரத்தை ஊகித்தறிந்தார். அஃது உண்மைதானோ? இதனை அறிய அவர் செய்த செயல் நம் உள்ளத்தைக் கவர்வதாகும். இங்கிலாந்தின் சிறைவாசிகள் 3000 பேருடைய உயரமும், இடக்கையின் நடுவிரல் நீளமும் முன்னரே அளக்கப்பட்டு அச்சாகியிருந்தன. அவ்வளவுகளை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு நான்காகப் பிரித்தார். இவ்வாறு 750 சிறு தொகுதிகள் கிடைத்தன. ஒவ்வொரு தொகுதிக்கும் சராசரியும் சிதறலும் கணக்கிட்டுத் தம் சூத்திரத்தோடு ஒப்பிட, இரண்டும் பெரிதும் ஒத்திருக்கக் கண்டார். கணிப்பொறிகள் இத்தகைய சோதனையைக் கண்ணிமைப்பொழுதில் முடிக்கும் இந்நாளில், அட்டைகளைக் கையாற் குலுக்கி எடுத்த அப்பொறுமையை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

இவ்வாராய்ச்சி 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் பயோமெட்ரிக்கா என்னும் பத்திரிகையில் வெளிவந்தது. சராசரியினது பிழையின் அளவு என்பது அதன் பொருள். அதிற் காட்டிய உதாரணங்களுள் ஒன்று உறக்க மருந்துகளைப் பற்றியது. 10 நோயாளிகளுக்கு இருவகை மருந்துகள் வெவ்வேறு காலத்திற் கொடுக்கப்பட்டன. ஒருவகை மருந்து மற்றதனினும் சராசரியாக 1.58 மணிநேரம் மிகுதியான உறக்கம் தந்தது. பத்தே பேர், ஆயினும் அவ்வேறுபாடு தற்செயலாக வருதல் மிக அரிதென இவரது சூத்திரம் காட்டிற்று. சிற்றெண்ணும் பேசும், அதன் மொழி அறிந்து கேட்போர்க்கு.

பெயர் மறைந்த வரலாறு

ஆலையார் தம் தொழில் மருமங்கள் வெளிப்படாவண்ணம் காத்தல் வேண்டி, தம்மிடம் பணி செய்வோர் சொந்தப் பெயரால் ஆராய்ச்சிகளை வெளியிடலாகாதென விதித்திருந்தனர். ஆகவே காஸெட் தம் கட்டுரைகளுக்கு ஸ்டூடண்ட், அதாவது மாணாக்கன், எனக் கையெழுத்திட்டார். அன்று முதல் தம் வாழ்நாள் முழுவதும் அப்பெயரையே வழங்கினார். உலகமும் அச்சோதனையை இன்றளவும் மாணாக்கனது சோதனை என்றே அழைக்கின்றது. ஆசான் ஆதற்குரியவர் மாணாக்கன் என்னும் பெயரால் நிலைபெற்றமை, அறிவுடையார்க்கு அடக்கமே அணி என்பதை இனிது விளக்குகின்றது.

கட்டுரை வெளிவந்தபின் சில ஆண்டுகள் அதனைப் போற்றுவார் மிகச் சிலர். 1912ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த ரானல்டு பிஷர் என்னும் இளைஞர், அச்சூத்திரத்திற்கு முறையான நிரூபணம் ஒன்றை இயற்றி இவருக்கு எழுதியனுப்பினார். அந்நிரூபணம் தமக்கு விளங்கவில்லையென வெளிப்படையாகக் கூறி, காஸெட் அதனைப் பியர்ஸனுக்கு அனுப்பி வைத்தார். பின்னர்ப் பிஷர் இம்முறையை விரித்து, இருவேறு கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடுதற்கும் ஏற்றதாக்கினார். 1925ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்க்குரிய நூலின் வாயிலாக இச்சோதனை உலகெங்கும் பரவிற்று. சோதனையில் வரும் எண்ணிற்கு டி என்னும் ஆங்கில எழுத்துப் பெயராயிற்று.

சோதனை இயங்குமாறு

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஓர் உபாத்தியாயர் பத்துப் பிள்ளைகளுக்குப் பழைய முறையிலும், வேறு பத்துப் பிள்ளைகளுக்குப் புதிய முறையிலும் கணக்குக் கற்பித்தாரெனக் கொள்வோம். பரீக்ஷையில் முதற் கூட்டத்தின் சராசரி 52. இரண்டாங் கூட்டத்தின் சராசரி 58. வேறுபாடு 6. புதுமுறை வென்றதென்று பறைசாற்றலாமோ?

ஒவ்வொரு கூட்டத்தினுள்ளும் மதிப்பெண்களின் சிதறல் ஏறத்தாழ 4 எனின், இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலால் ஊசலாடும் அளவு ஏறத்தாழ 1.8 ஆகும். கண்ட வேறுபாடாகிய 6 அதனைப்போல் மூன்று மடங்கிற்கு மேற்பட்டது. டி என்னும் எண் 3.35. பத்தும் பத்துமான கூட்டங்களுக்கு எல்லை 2.10. முறைகளிடையே உண்மையில் வேறுபாடில்லையாயின், இவ்வெல்லையைக் கடத்தல் இருபது முறையில் ஒருமுறையே நிகழும். இங்கு எல்லை கடந்தமையின், வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது.

சிதறல் 4 ஆகாது 15 எனின், ஊசலாடும் அளவு ஏறத்தாழ 6.7 ஆகிவிடும். அதே 6 மதிப்பெண் வேறுபாடு இப்பொழுது அவ்வூசலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. டி என்னும் எண் 0.9 மாத்திரமே. சராசரிகள் மாறவில்லை, தீர்ப்பு மாறிற்று. ஆகவே இரு சராசரிகளை மாத்திரம் நோக்கி ஒரு வகுப்பை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் பேசுதல் நீதியன்று. வேறுபாட்டைக் கூட்டத்தினுள்ளிருக்கும் சிதறலோடு வைத்து நிறுத்தல் வேண்டும்.

எண்ணிக்கை குறையுந்தோறும் எல்லை உயர்தலே காஸெட் கண்ட நுட்பம். பெருந்தொகைக்கு 1.96 ஆகவுள்ள எல்லை, ஒரே தொகுதியின் பத்து அளவுகளுக்கு 2.26 ஆகும், நான்கே அளவுகளுக்கு 3.18 ஆக உயரும். சான்று குறைந்தவன் உரக்கப் பேசலாகாதென்னும் அறத்தைக் கணிதம் இவ்வாறு எண்ணாற் கூறுகின்றது. இன்னும் ஒன்று: எல்லையைக் கடந்த வேறுபாடெல்லாம் பெரிய வேறுபாடாகா, கடவாதது இல்லாததும் ஆகாது. முன்னது தற்செயலன்றென நம்புதற்கு இடமுண்டென்னும், பின்னது இதுவரை கண்ட சான்று போதாதென்னும், அவ்வளவே.

லானார்க்ஷயர்ப் பிள்ளைகள்

பெருந்தொகை ஒன்றே உண்மையைத் தந்துவிடுமோ? தராது என்பதைக் காஸெட் 1931ஆம் ஆண்டில் விளக்கினார். அதற்கு முந்திய ஆண்டில் ஸ்காட்லாந்தில் லானார்க்ஷயர் என்னும் மாவட்டத்தே பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. 67 பள்ளிகளைச் சேர்ந்த 20,000 பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். 10,000 பேர்க்கு நான்கு மாதங்கள் நாள்தோறும் முக்காற் பைண்ட் பால் அளிக்கப்பட்டது. அவருள் பாதிப்பேர்க்குக் காய்ச்சாத பாலும், பாதிப்பேர்க்குப் பாஸ்டர் முறையிற் சூடேற்றிய பாலும் கிடைத்தன. எஞ்சிய 10,000 பேர் ஒப்பிடுதற்காகப் பாலின்றி விடப்பட்டனர். தொடக்கத்திலும் முடிவிலும் அனைவரையும் நிறுத்தும் அளந்தும் குறித்தனர்.

பால் பெறுவோர் இன்னாரென்று சீட்டாலோ அகர வரிசையாலோ தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆயின், அவ்வாறு எடுத்ததில் ஒரு பக்கம் நல்லுணவு பெற்றவரோ மெலிந்தவரோ மிகுந்திருப்பதாகத் தோன்றினால், பிள்ளைகளை மாற்றி அமைக்க ஆசிரியர்க்கு இடந்தரப்பட்டது. இங்கேதான் சோதனை தவறிற்று. எதிரே பசித்த முகத்தோடு நிற்கும் ஏழைக் குழந்தைக்குப் பால் இல்லையென்று சொல்ல எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? அறிந்தோ அறியாமலோ அவர்கள் ஏழைப் பிள்ளைகளைப் பால் பெறும் பக்கத்திற்கு மாற்றினரெனக் காஸெட் கருதினார். எண்களும் அதற்குச் சான்று பகர்ந்தன. சோதனை தொடங்கும்போதே, பால் பெறாத கூட்டத்தார் மற்றவரினும் எடையில் மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்தனர். மேலும் பிள்ளைகள் பிப்ரவரியின் குளிரிலும் ஜூனின் வெயிலிலும் உடுத்த உடையோடே நிறுக்கப்பட்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளை குளிர்காலத்தில் அணிந்த கனத்த ஆடையைக் கோடையிற் களைந்துவிடும். ஏழைப் பிள்ளைக்குக் களைய அத்துணை ஆடை ஏது? ஆகவே எடையில் தோன்றிய வேறுபாட்டில் பாலின் பங்கு எவ்வளவு, ஆடையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் இயலாதாயிற்று. காய்ச்சாத பாலையும் சூடேற்றிய பாலையும் ஒரே பள்ளியில் அளிக்காமையின், அவ்விரண்டனுள் ஏற்றத்தாழ்வு காணவும் வழியில்லை.

பால் பயனற்றதென்று காஸெட் கூறினாரல்லர். அச்சோதனை அதனை அளந்து காட்டவில்லையென்றே கூறினார். குறை கூறியதோடு நில்லாமல் திருத்தும் வழியையும் காட்டினார். வயதும் பாலும் உடற்கட்டும் ஒத்த பிள்ளைகளை இருவர் இருவராக இணைத்து, இவ்விருவருள் எவர்க்குப் பால் என்பதைக் காசு சுண்டித் துணிதல் வேண்டும். அதனினும் சிறந்தது, ஒரே கருவினின்று தோன்றி உருவொத்த இரட்டைப் பிள்ளைகளைக் கொள்ளுதல். அத்தகைய இரட்டையர் ஐம்பது இணை இருப்பின், 20,000 பிள்ளைகளைக் கொண்டு கண்டதனினும் நம்பத்தக்க முடிவைச் சிறு செலவிற் பெறலாமென்பது அவர் மதிப்பு. நான்கு அளவுகளிலும் உண்மை காண வழிசெய்தவரே, இருபதாயிரம் அளவுகளிலும் உண்மை தவறுமாற்றைக் காட்டினார். எண்ணிக்கை பெரிதாயினும் பிரிவினை நேர்மையற்றதாயின் எந்தச் சோதனையும் அதனைச் செம்மையாக்க மாட்டாது. ஆசிரியரின் இரக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் அவ்விரக்கம் செல்ல வேண்டிய இடம் சோதனைக்குப் புறம்பேயாம்.

குணநலனும் இறுதியும்

பியர்ஸனும் பிஷரும் ஒருவரையொருவர் காணப் பொறாத பகைமை கொண்டிருந்தனர். காஸெட் ஒருவரே அவ்விருவர்க்கும் நண்பராய் வாழ்ந்தார். சோதனை வயல்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தல் வேண்டுமென்று பிஷரும், சமனாக அமையுமாறு திட்டமிட்டுப் பிரித்தலே நலமென்று காஸெட்டும் வாதாடினர். அவ்வாதம் நட்பைக் குலைக்கவில்லை. ஐயமென்று தம்மிடம் வந்தோர்க்கெல்லாம் கடிதம் எழுதி உதவினார். தோட்டமிடுதலும், தச்சு வேலை செய்து படகு கட்டுதலும், மீன் பிடித்தலும் இவருக்கு உவப்பான பொழுதுபோக்குகள். இத்தனை ஆராய்ச்சியும் ஆலைப் பணிக்கிடையே செய்யப்பட்டதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1935ஆம் ஆண்டில் ஆலையார் லண்டனில் பார்க் ராயல் என்னுமிடத்தே அமைத்த புதிய ஆலையை நடத்த இவரை அனுப்பினர். ஈராண்டுகளே கழிந்தன. 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16ஆம் நாள், தம் அறுபத்தோராம் வயதில், இருதய நோயால் இறைவனடி சேர்ந்தார். வயல்களைப் பிரித்தல் பற்றிய இவரது இறுதிக் கட்டுரை அடுத்த ஆண்டில் அச்சேறிற்று. அதிலும் கையெழுத்து மாணாக்கன் என்பதே.

இனி நாம் இவர் வாழ்க்கையினின்று கொள்ளற்பாலது யாது? நாளை நம்மிற் பலர் வகுப்பறைகளில் நிற்போம். இவ்வாண்டின் பிள்ளைகள் சென்ற ஆண்டினரினும் மந்தர் என்றும், இக்கூட்டத்தார் அக்கூட்டத்தாரினும் அறிவிற் குறைந்தவர் என்றும், இப்புதுமுறை எல்லாவற்றினும் மேலானதென்றும் சொல்ல நம் நா எளிதில் எழும். அப்பொழுது மூன்று வினாக்களை நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. எத்துணைப் பேரைக் கண்டோம்? அவர்க்குள்ளே சிதறல் எவ்வளவு? இரு கூட்டங்களையும் நேர்மையாகப் பிரித்தோமோ? இவற்றிற்கு விடை கூறிய பின்னரே தீர்ப்புக் கூறுதல் நம் கடன். அத்தீர்ப்பின்கீழ் நிற்போர் பார்லிக் கதிர்களல்லர்; நம்மை நம்பி ஒப்புவிக்கப்பட்ட குழந்தைகள். அவர்கள்பால் அவசரப்பட்டுப் பேசாதிருத்தற்கு வேண்டிய கருவியொன்றைத் தந்து சென்ற காஸெட்டை நன்றியுடன் நினைப்போம்.